வாஷ்பேசினுக்கு அடியில் ஒரு மணி நேரம்

வாஷ்பேசினை எல்லோரும் மேலே இருந்துதான் பார்த்திருப்பீர்கள். அடியில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு மணி நேரம் பார்த்தேன். பார்க்க ஒன்றும் நன்றாக இல்லை. எழுந்து வரலாம் என்றால் அதற்கும் வழியில்லை... என் கொண்டை அதன் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலில் இருந்து சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை. உங்களுக்கும் இருக்காது. இருந்தால் வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு ஏன் வரப்போகிறீர்கள்?

என் மகன் சிங்கப்பூரில் சம்பாதித்துக் கட்டிய வீடு இது. பாத்ரூமில் வெள்ளை வெளேரென்று ஒரு வாஷ்பேசின். திங்கட்கிழமை நான் தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டு எழுந்திருக்கும்போது, கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். அகப்பட்டது பேசினுக்கு அடியில் தொங்கும் வேஸ்ட் பைப். நான் எழுந்தேன். பைப்பும் என்னோடு எழுந்து வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மேலே முகம் கழுவினால் கீழே கால் கழுவப்பட்டது.

மருமகள் கவிதா ஆலங்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மறுநாள் காலையில் கிளம்பும்போது எனக்கும் ஒரு பாடம் நடத்தினாள்.

“அத்தை, அதைத் தொடாதீங்க. கீரமங்கலத்து பிளம்பர் நாளன்னைக்குத்தான் வருவாராம். அவசரம்னா சின்ன மாமாவைக் கூப்பிடுங்க. பக்கத்து வீடுதானே?”

“அவரைக் கூப்பிடுறதுக்குப் பதிலா நான் கெணத்தடியிலயே பல்லு வெளக்கிக்குவேன்.”

“கெணத்தை மூடி வருசம் பத்தாச்சு, அத்தை!” ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

சின்ன மாமா என்று அவள் சொன்னது என் கணவரின் தம்பி கருப்பையாவை. போர்வெல்லில் மோட்டார் இறக்குவது, பைப்லைன் போடுவது எல்லாம் அவருக்குத் தொழில். அவருக்கும் எனக்கும் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

எல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகையால் வந்தது. அவர் மகளுக்குக் கல்யாணம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அந்தப் பத்திரிகையை ஒரு மத்தியானம் முழுக்க விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். தாய்மாமன் பேர் இருந்தது. தாய்மாமனுடைய மச்சான் பேர் இருந்தது. காலமாகிவிட்ட என் கணவர் பேர்கூட, முன்னால் ‘தெய்வத்திரு’ போட்டு இருந்தது. என் பேர் இல்லை. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மண்டபத்துக்கு வழி போட்டிருந்தார்கள்.

கல்யாணத்துக்குப் போனேன். சீர்த்தட்டை வைத்தேன். சாப்பாட்டில் கை நனைக்காமல் திரும்பினேன். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு இல்லை என்றால் எங்கள் பக்கம் அதற்கும் சட்டம் உண்டு. முகம் பார்த்துப் பேசக் கூடாது. முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவசியம் வந்தால் ஆட்டிடம் சொல்லலாம், கோழியிடம் சொல்லலாம், சுவரிடம் சொல்லலாம். அது அடுத்தவர் காதில் விழுந்தால் நாம் பொறுப்பில்லை. யார் முதலில் நேராக வாய் திறக்கிறாரோ, அவர் தோற்றவர். தோற்கிற பழக்கம் எனக்கு இல்லை.

சரி, பைப்புக்கு வருகிறேன். ‘தொடாதீங்க’ என்று ஒருத்தி சொன்ன பிறகு தொடாமல் இருக்க முடியுமா? நீங்கள் இருப்பீர்களா?

இப்போது எங்கள் பக்கம் பலாப்பழக் காலம். முந்தின நாள் அறுத்த பழத்தின் பாலை ஒரு குச்சியில் சுற்றி வைத்திருந்தேன். அந்தப் பிசினைச் சுடவைத்து அப்பினால் ஓட்டைக் குடமே சொட்டாமல் நிற்கும். என் மாமியார் அடைத்த அண்டா இன்னும் பரணில் இருக்கிறது. ஒரு சுண்டைக்காய் பைப் நிற்காதா என்ன?

கேஸ் அடுப்பில் காட்டி இளக்கினேன். பேசினுக்கு அடியில் உட்கார்ந்து, பைப்பை அதன் இடத்தில் சொருகி, மேலே சுற்றி அப்பினேன். பலமாக இருக்கட்டும் என்று உள்ளேயும் நன்றாக வழித்துவிட்டேன். பழைய வேட்டிக் கிழிசலால் ஒரு கட்டுப் போட்டேன். ஆறும்வரை பைப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். ஓரிரண்டு நிமிஷம் கண் அசந்திருக்கும் போல. அவ்வளவுதான்.

எழுந்தேன். தலை வரவில்லை!

தூக்கத்தில் தலை சரிந்து, கொண்டை போய்க் கட்டுக்கு வெளியே வழிந்த பிசினில் பதிந்திருக்கிறது. அதுவும் ஆறி இறுகிவிட்டது. முன்னால் இழுத்தால் உயிர் போகிறது. செல்போனோ அடுப்படியில், ஃபிரிட்ஜ் மேலே. கவிதா வர சாயங்காலம் ஐந்தாகும். மணி அப்போது பத்துகூட ஆகவில்லை.

பாத்ரூம் ஜன்னலுக்கு வெளியே கருப்பையாவின் கொல்லை. ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தார். சத்தம் நன்றாகக் கேட்கிறது. கூப்பிட்டால் வந்துவிடுவார். ஆனால் கூப்பிட்டால்... நான்கு வருடம் என்ன ஆவது?

முக்கால் மணி நேரம் பொறுத்தேன். கால் மரத்துப்போனது. கடைசியில் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

“ஏ செவரே! இங்கிட்டு ஒருத்தி மாட்டிக்கிட்டுக் கெடக்கா. ஒனக்குக் கேக்குதா?”

ஸ்பேனர் நின்றது. அவர் தன் ஆட்டிடம் பேசினார்.

“என்னடி, அங்கிட்டு யாரோ யாரையோ கூப்பிடுறாங்க? நம்மளையா? மொறை சொல்லிக் கூப்பிட்டாத்தானே தெரியும்?”

“ஏ செவரே, மொறையெல்லாம் சொல்ல முடியாது. கொல்லைக் கதவு தெறந்துதான் கெடக்கு.”

வந்தார். வாசலில் நின்று பார்த்தார். சிரிக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

“ஏ பேசினே, சிரிக்கிறவங்க வெளிய போயிச் சிரிச்சுட்டு வரலாம்னு சொல்லு” என்றேன்.

அவர் குனிந்து பைப்பிடம் துக்கம் விசாரித்தார். “ஏம்பா பைப்பு, ஒனக்கா இந்தக் கதி? ஒரு வாசர் மாட்டி நட்டை முடுக்கினா முடிஞ்சிருக்கும். பலாப் பிசினு வச்சு அப்பியிருக்காங்களே, நீ என்னப்பா பண்ணுவ?”

கட்டைத் தொட்டுப் பார்த்தார். கொண்டையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து டேப் வெட்டுகிற கத்திரிக்கோலை எடுத்தார்.

“வேற வழியில்ல பைப்பு. முடியை ஒட்ட வெட்டிட்டா ஒன்னைய விட்ருவாங்க.”

என் முடியைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. எழுபத்திரண்டு வயதிலும் கை கொள்ளாத கொண்டை. இந்தத் தெருவில் சவுரி வைக்காத தலை என்னுடையது ஒன்றுதான். கத்திரிக்கோலின் இரும்பு காதுப்பக்கம் பட்டது.

“தம்பி! வேணாம் தம்பி!”

கத்திரிக்கோல் காதைவிட்டு விலகியது.

“சொல்லுங்க மதினி” என்றார் கருப்பையா.

கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் எங்கே என்று கேட்டார். பலாப்பழம் அறுக்கிற கைக்கு எண்ணெய்தானே மருந்து? இடத்தைச் சொல்லி அனுப்பினேன். பின்னால் உட்கார்ந்து, எண்ணெய் தொட்டுத் தொட்டு, இழை இழையாகப் பிரித்தார். பைப் வேலை செய்கிற முரட்டுக் கை அது. ஒரு முடி அறவில்லை.

பாதியில் அவரே ஆரம்பித்தார். “பத்திரிகையில அண்ணன் பேரைப் போட்டோம்ல மதினி? அது போதும்னு நெனச்சுட்டேன்.”

“ஒங்க அண்ணன் போயிச் சேந்துட்டாரு தம்பி. நான் உசுரோடல்ல இருந்தேன்?”

மறுபடி எண்ணெய் தொட்டார்.

“தப்புதான் மதினி.”

என் தலைக்குப் பின்னால் இருந்து சொன்னதால் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நல்லதாகப் போயிற்று. என் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

ஒருவழியாக எழுந்து நின்றேன். தலை எண்ணெய்ச் சட்டியில் விழுந்தது போல இருந்தது. ஆனால் முழுசாக இருந்தது. இனி என் வேலையைக் காட்ட வேண்டாமா?

“தெறந்து பாருங்க தம்பி.”

குழாயைத் திறந்தார். குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு... ஒரே ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை.

“பாத்தீங்களா!” என்றேன்.

“ஒழுகல மதினி” என்றார், பேசினைப் பார்த்தபடி. “ஆனா போகவும் இல்ல.”

தண்ணீர் விளிம்புவரை ஏறித் தளும்பிக்கொண்டு நின்றது. உள்ளே வழித்த பிசின் அண்டா அடைப்பதுபோல அடைத்திருந்தது. அவர் ரம்பம் எடுத்து வந்து அந்தப் பைப்பை அறுத்தெறிந்தார். தன் வீட்டில் இருந்து வேறொன்று கொண்டுவந்து, வாசர் போட்டு, கையால் முடுக்கி முடித்துவிட்டார். எனக்கு ஒரு மணி நேரம் ஆன வேலை அவருக்குப் பத்தே நிமிஷம்!

ஒழுகக் கூடாது என்றுதான் எதையும் அடைக்கிறோம். எந்த அளவோடு நிறுத்துவது என்றுதான் தெரிவதில்லை. நான்கு வருடமாக என் வாயில் இருந்து ஒரு சண்டை வார்த்தை வெளியே போகவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே விளிம்புவரை நின்றதை யார் குனிந்து பார்த்தார்கள்?

அது கிடக்கட்டும். கவிதாவை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல இதை எழுதவைத்த காரணமே வேறு. மறுநாள் பால் வாங்கப் போனால் தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ‘மதினிதான் மொதல்ல பேசுனாங்க’ என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கிறார் மனுஷர். முழுப் பொய். நான் பேசியது கத்திரிக்கோலிடம்.

என்னைவிட வயதில் சின்னதுதானே அது... தம்பி என்று கூப்பிடக் கூடாதா?