சீப்பும் தையல் மெஷினும்

உள்ளாட்சித் தேர்தலை எப்படிச் சீர்திருத்தலாம் என்று டிவியில் பேசிக்கொண்டிருந்தார்கள். வாக்குச்சீட்டில் சின்னமே வேண்டாம், வேட்பாளர் படம் போதும் என்றார் கண்ணாடிக்காரர் ஒருவர். கையிலிருந்த காபி ஆறிப்போனது. இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அப்போது எனக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை. தோலும் பசையும் கலந்த அந்த வாசனை தலைக்குக் குளித்தாலும் போகாது. பக்கத்து மெஷினில் ஜபீன். கம்பெனி வேனில் எனக்கு ஜன்னல் சீட்டைப் பிடித்து வைப்பாள். மத்தியானம் அவள் முட்டைத் தொக்கு என் டப்பாவுக்கு வரும், என் புளிச்சோறு அவள் டப்பாவுக்குப் போகும். நான் ஒரு ஜோடி தைப்பதற்குள் அவள் இரண்டு தைத்துவிடுவாள். வயிறு எரியும், ஆனாலும் தொக்கை விடமாட்டேன்.

எங்கள் பஞ்சாயத்து வார்டு பெண்களுக்கு என்று ஆனதும் இருவரும் நின்றோம். பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. இருவருமே தையல் மெஷினைக் கேட்டோம். தெருவுக்குப் பத்துப் பெண்கள் ஷூ தைக்கிற ஊரில் வேறு எதைக் கேட்பது? சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். மெஷின் அவளுக்கு. எனக்குச் சீப்பு.

"இன்னாடி பேஜாரா கீற? குலுக்கல்ல வந்ததுடி, நானா எடுத்தேன்?" என்றாள். பேஜார் இல்லை, பொறாமை. முன்மண்டையில் முடியே இல்லாத என் கணவர் சீப்பைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டார். ஊரே சிரித்தது.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த என் மாமியார், ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பவர், முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். "முத்திரைய எடுத்ததும் கை தானா மெஷின் மேல போயிடுச்சும்மா. இன்னா பண்றது?"

ஜபீன் ஜெயித்தாள். எங்கள் தெருவுக்குத்தான் முதலில் குழாய் போட்டுக் கொடுத்தாள். அதற்கும் எரிந்தது எனக்கு. குடம் நிரம்பும்போதெல்லாம் 'சீப்பு மட்டும் இல்லையென்றால்' என்று முணுமுணுப்பேன். இன்றுவரை அதுதான் என் பேச்சு.

நேற்று வேலூரிலிருந்து அவளே போன் செய்தாள். மகள் வீட்டில் இருக்கிறாள். "நியூஸ் பாத்தியா? அப்பவே போட்டோ வச்சிருந்தா நீதாண்டி ஜெயிச்சிருப்ப." அவள் நிஜமாகவே அப்படி நினைக்கிறாள். என்னால் இப்படி ஒரு வார்த்தை அவளுக்குச் சொல்லியிருக்க முடியுமா? அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

போனை வைத்த பிறகு வாக்குச்சீட்டில் எங்கள் இருவர் படமும் அடுத்தடுத்து இருப்பதாக யோசித்துப் பார்த்தேன். எந்த வீட்டு வாசலிலும் நின்று நலம் விசாரிக்கிற முகம் அவளுடையது. என் முகம் எப்படி என்று எனக்கே தெரியும்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். வேன் இல்லை, ஜன்னல் சீட்டு இல்லை, தொக்கும் இல்லை. மிஞ்சியிருப்பது அந்தச் சீப்பு ஒன்றுதான். சின்னத்தையும் எடுத்துவிட்டால், தோற்றது சீப்பு இல்லை, நான்தான் என்றாகிவிடும்.