முந்நூறு என்று ஸ்டிக்கர் வெட்டியவனின் இருநூற்று நாற்பது

நேற்றுப் பின்னேரம் திரியாய் வீதியில் அறுபது குதிரைகளைத் தொலைத்துவிட்டேன்!

(யாரும் தேடிப் போக வேண்டாம். முதலில் அவை இருக்கவே இல்லை.)

என்னுடைய கார் பழைய ஜப்பான் டர்போ. திருகோணமலையில் அதன் சத்தம் தெரியாத தெருநாய் கிடையாது.

எங்கள் டர்போ கூட்டத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கார் டியூன் ஆகுமுன்பே குதிரைவலு எவ்வளவு என்று அறிவித்துவிடுவோம். நான் ஒருபடி மேலே போய் காரின் பின் கண்ணாடிக்கு ‘300’ என்று பெரிய வெள்ளை ஸ்டிக்கரே வெட்டி வைத்துவிட்டேன். வட்ஸ்அப் குரூப்பில் படமும் போட்டாயிற்று.

டியூன் செய்பவன் ரிஸ்வான். கிண்ணியாக்காரன், என்னுடன் படித்தவன். லப்டொப்பைக் காரில் கொழுவி, டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும், எஞ்சினுக்குள் எவ்வளவு பெற்றோல் போக வேண்டும் என்று அவன்தான் சொல்லிக் கொடுப்பான்.

நான் ஞாயிறு பூசை முடிந்து வர, சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் வெளிக்கிட்டோம். ஆளில்லாத நேர் வீதி. ஆனால் நடுவில் ஏழெட்டு மாடுகள் படுத்திருந்தன. அவை எழும்பும்வரை காத்திருந்தோம். (இங்கே முதல் உரிமை அவர்களுக்குத்தான்.)

முதல் ஓட்டம் அருமை. பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றை, கூட்டினான். அடுத்த ஓட்டத்தில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

“எவ்வளவு?”

“கணக்குப்படி இருநூத்தி நாப்பது.”

“கூட்டு!”

கொஞ்சம் கூட்டினான். மூன்றாவது கியரில் இழுக்கும்போது, பாதியில் “கால எடு! கால எடு!” என்று கத்தினான். எடுத்தேன்.

“என்னடா?”

“பெற்றோல் காணாது மச்சான். காத்து கூடிப்போச்சு, அதுக்கேத்த பெற்றோல் வருதில்ல. எஞ்சின் சூடேறுது.”

“மீற்றர் பிழையா இருக்கும்.”

“மீற்றர் சரி. பெற்றோல் பீச்சுற இன்ஜெக்டர் முழுசாத் திறந்தே கிடக்கு. திறந்து கிடக்கிற கதவ இன்னும் திற எண்டா எப்பிடித் திறக்கிற?”

“பெற்றோல் பம்ப் புதுசு! போன மாசம்தான் மாத்தினனான்!”

“புதுசுதான். ஆனா கொம்பனி போட்ட அதே அளவுதானே? பழைய வாளிக்குப் பதிலா அதே அளவில புது வாளி வாங்கினா தண்ணி கூடவா பிடிக்கும்?”

எனக்கு ஏறிவிட்டது. விஷயம் விளங்காமல் இல்லை. நன்றாகவே விளங்கியது, அதுதான் கோபம்! கொம்பனிக்காரன் தன் காருக்கு அளந்து போட்ட பம்ப்பும் இன்ஜெக்டரும், நான் ஸ்டிக்கர் வெட்டியதற்காகப் பெருத்துவிடுமா?

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“ஒரே ஒருக்கா இழுப்பம். ஸ்கிரீன்ல முந்நூறு விழுந்தாக் காணும், ஒரு படம் எடுத்திட்டு நிப்பாட்டுறன்.”

“அந்த ஒருக்காவிலதான் பிஸ்டன் உருகும்.”

“பயந்தாங்கொள்ளி! நீ இறங்கு, நான் தனியப் போறன்.”

“இறங்குறன். லப்டொப்பும் என்னோட இறங்கும்.”

சொன்னபடியே வயரைக் கழற்றி, லப்டொப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் போய் நின்றான். மாடுகள் அவனைப் பார்த்தன.

நானும் இறங்கினேன். “என்ர கார், என்ர எஞ்சின். உனக்கென்ன?”

“நாளைக்கு ஸ்டெல்லா மிஸ் எதில வேலைக்கு வாற?”

ஸ்டெல்லா என் மனைவி. கிண்ணியாவில் நர்ஸ். தினமும் விடியவே இந்தக் காரில்தான் பாலம் தாண்டிப் போகிறாள்.

“பஸ் இருக்குத்தானே” என்றேன்.

“சரி. அத மிஸ்ஸிட்ட நீயே சொல்லு.”



அவன் குரலைத் தணித்தான். “நாளைக்கு உம்மாக்கு கிளினிக் மச்சான். மிஸ்தான் ஊசி போடோணும், வேற ஆரையும் கிட்டவும் எடுக்காது மனிசி. நீ படம் எடுக்கப் போய் எஞ்சின் போனா, உம்மா அங்க வாங்கில குந்திக்கொண்டு வாசலப் பாத்துக்கொண்டே இருக்கும்.”

அந்த உம்மாவை எனக்குத் தெரியும். அவர் கையால் எத்தனை நோன்புக் கஞ்சி குடித்திருப்பேன். வெட்கமாகப் போய்விட்டது.

“பூஸ்ட்டக் குறை. இருநூத்தி நாப்பதிலேயே விடு” என்றேன்.

அவன் வந்து ஏறி வயரைக் கொழுவினான்.  திரும்பும் வழியில் நிலாவெளியில் நிறுத்தி அவனுக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன். அதுதான் என் மன்னிப்பு, அவனுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் ஸ்டெல்லா கேட்கிறாள்:

“எவ்வளவு வந்தது?”

“இருநூத்தி நாப்பது.”

“பாலத்தில முன்னால போற லொறிய முந்தக் காணுமா?”

“ஓம், தாராளமா.”

“பிறகேன் முகம் இப்பிடிக் கிடக்கு?”

“முந்நூறு எண்டு சொல்லிப்போட்டனே.”

“ஆரிட்ட?”

“எல்லாரிட்டயும்.”

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு லைட் எரிந்தது.

குரூப்பிலும் உண்மையைப் போட்டுவிட்டேன். “பெரிய பம்ப், பெரிய இன்ஜெக்டர் போடாமல் இதற்கு மேல் ஏலாது.” ஆறுதலாக ஒருவன் மட்டும் பதில் போட்டான்: “ஸ்டிக்கர என்ன செய்யப் போறாய்?”

இன்று காலை நான் எழும்பும்போது அவள் போய்விட்டாள். காரும் போய்விட்டது. முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், அந்த ‘300’ அதில் ஒட்டியிருக்கிறது!

சரியாக என் வாய்க்கு நேரே!

போன் எடுத்தேன். “இதென்ன வேலை?”

“சும்மா எறியக் கூடாது எண்டுதான். பொருத்தமான இடமாப் பாத்து ஒட்டினனான்” என்றாள். பின்னால் ரிஸ்வானின் உம்மா, “ஆரு மகள், நம்மட பொடியனா? சாப்பிட்டானா எண்டு கேளுங்க” என்பது கேட்டது.

உரித்துப் பார்த்தேன், வரவில்லை. நல்ல தரமான ஸ்டிக்கர்.

உங்கள் வீட்டுக் கண்ணாடியில் எத்தனை என்று ஒட்டலாம், நண்பர்களே?