மேசையிலிருந்து வழித்தெடுத்தது

கொதித்துக்கொண்டிருக்கும் குடுவையில் கரித்தூளைப் போடக்கூடாது. நெருப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகுதான் போட வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை பக்கத்து மேசைக்காரன் போடப்போனபோது, "முட்டாளா நீ?" என்று அவன் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் மறுதேர்வில் அதையே செய்தேன்.

எழுபதுகளின் கடைசி. கோலாலம்பூரில் ஒரு கல்லூரி. வேதியியல் செய்முறைத் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தேன். இன்னொரு முறை தோற்றால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, அங்கே ஒரு கிடங்கின் மேற்பார்வையாளரிடம் எனக்காக வேலை சொல்லி வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கடுங்கோபம். மகன் தோற்பான் என்று முன்கூட்டியே முடிவு கட்டிய அப்பா யாருக்கு வேண்டும்?

அன்று கிள்ளானிலிருந்து வந்த பஸ் பாதி வழியில் நின்றுபோனது. அரைமணி நேரம் தாமதமாக ஆய்வுக்கூடத்துக்குள் ஓடினேன். சீன விரிவுரையாளர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். கூடுதல் நேரம் கிடையாது என்று அர்த்தம்.

மறுதேர்வுக்கு ஐந்து பேர் வந்திருந்தோம். ஆளுக்குக் கொஞ்சம் அசிட்டனிலைடு என்ற வேதிப்பொருளை அழுக்கோடு கொடுத்தார்கள். பழுப்பு நிறம், பார்க்கவே அசிங்கம். அதை அளவான கொதிநீரில் கரைத்து, கரித்தூள் போட்டு நிறத்தை எடுத்து, சூட்டோடு வடிகட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். சரக்கு வெள்ளைப் படிகமாகப் பிரிந்து வரும். அழுக்கு தண்ணீரிலேயே தங்கிவிடும். பிறகு காயவைத்து உருக்கிப் பார்ப்பார்கள். நூற்றுப் பதினான்கு டிகிரியில் சட்டென்று உருகினால் தேர்ச்சி. முன்னாலேயே கசிய ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போனால் உள்ளே அழுக்கு இருக்கிறது, தோல்வி. சரக்கு ஒருமுறைதான் கொடுப்பார்கள்.

நேரம் போகிறதே என்ற ஆத்திரத்தில், கொதிக்கும் குடுவையில் கரித்தூளைக் கொட்டினேன். கறுப்பு நுரை பொங்கி, குடுவையின் வாய் வழியாக மேசையெல்லாம் பரவியது. என் சட்டையும் குறிப்பேடும் நாசம். குடுவையின் அடியில் இரண்டு விரல் உயரம்தான் மிச்சம். குடுவையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கிடங்குதான் கதி என்று நினைத்தேன்.

எதிர்மேசையில் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துப் பெண். யாழ்ப்பாணக் குடும்பம், அவள் அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"ஏன் முழிச்சுக்கொண்டு நிக்கிறீர்? வழிச்சு எடும்."

"எதை, இந்தக் குப்பையையா?"

"தந்ததும் குப்பைதானே. இப்ப கொஞ்சம் கூடக் குப்பை, அவ்வளவுதான்."

"இந்த மேசையில எவன் என்னத்தக் கொட்டினானோ, யாருக்குத் தெரியும் லா."

"அதை எடுக்கத்தானே இவ்வளவு கூத்தும் ஆடுறம்?"

தேர்வில் பேசக்கூடாது. பேசினோம். தாழ்ந்த குரலில், விரிவுரையாளருக்குப் புரியாத தமிழில் பேசியதால் தப்பினோம். அதைத் தப்பு என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

அவள் சொன்னது சரி. கரி தண்ணீரில் கரையாது, வடிதாளில் நின்றுவிடும். மேசை அழுக்கில் கரைகிறதெல்லாம் தண்ணீரோடு போய்விடும். அதற்குள் மேசையில் சிந்தியது ஆறி, கறுப்புக் களியாக உறைந்திருந்தது. தகட்டுக் கரண்டியால் மூலைமுடுக்கு விடாமல் சுரண்டிக் குடுவையில் போட்டேன்.

விரிவுரையாளர் வந்து எட்டிப் பார்த்தார். "இதையா கொடுக்கப்போகிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கூடாதென்று எங்கே எழுதியிருக்கிறது?" என்றேன். தேர்வு நடத்துகிறவரிடம் பேசுகிற தொனி அல்ல அது.

என்னை முறைத்தார். "எங்கேயும் இல்லை. ஆனால் நூற்றுப் பதினான்கு வராமல் என்னிடம் வராதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அளவாகத் தண்ணீர் சேர்த்து மறுபடி கொதிக்கவிட்டேன். புனலைச் சூடாக்கி வடிகட்டினேன். முதல் தடவை கரி கொஞ்சம் நழுவி வந்தது. இன்னொரு வடிதாள் மடித்துத் திரும்ப வடித்தேன். இந்தத் தடவை இறங்கியது கண்ணாடி மாதிரித் தெளிந்த நீர். பனிக்கட்டி வாளியைப் பார்த்தேன். குடுவையை அதில் வைத்தால் படிகம் உடனே விழும். ஆனால் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு விழும். இரண்டு கைகளையும் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் அதற்கு முன் எதற்கும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

ஆறியும் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உட்சுவரைக் கீறினேன். கீறின இடத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. பிறகு பத்து. பிறகு குடுவை முழுக்க மினுமினுவென்று வெள்ளைத் தகடுகள். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். விரிவுரையாளர் மேசையைத் தட்டினார்.

வடித்துக் காயவைத்து எடுத்தபோது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. மற்றவர்கள் வைத்திருந்ததில் கால்வாசிதான். விரிவுரையாளர் நுண்குழாயில் அடைத்துச் சூடேற்றினார். நூற்றுப் பதின்மூன்றில் ஆரம்பித்து நூற்றுப் பதினான்கில் முடிந்தது. நம்பாமல் இன்னொரு குழாயில் அடைத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே. "அளவு கேவலம்" என்று சொல்லிக்கொண்டே தேர்ச்சிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவளும் தேறினாள். வெளியே வரும்போது, "இந்த லேப்பிலேயே இப்ப சுத்தமான மேசை உம்மடைதான். அந்தச் சுரண்டு சுரண்டிப்போட்டீர்" என்றாள். எனக்கு நன்றி சொல்லத் தெரியாது. "உன் மேசையையும் சுரண்டி விடவா?" என்றேன். அவளுக்குப் புரிந்திருக்கும்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டை முழுக்கக் கரியோடு போய் எதிரில் நின்றேன்.

"பாஸ் பண்ணிட்டேன். அந்தக் கிடங்கு ஆளுகிட்ட வேலை வேணாம்னு சொல்லிடுங்க."

அவர் சட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"இவனுக்கும் சோறு போடு. போன வாரம்தான் அந்தாளுக்கு ரெண்டு டுரியான் கொண்டுபோய்க் குடுத்தேன். நல்ல பழம் லா, ரெண்டும் போச்சு!"

தோற்றுப்போன மாதிரித்தான் பேசினார். சிரிப்பை மட்டும் அவரால் அடக்க முடியவில்லை.