வடகத்துக்கு ஒரு வாரம் வெயில்

வானிலை அறிக்கையைக் குடை எடுத்துப் போவதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பதில்லை. என் மனைவி ஊருக்கு வருவாளா மாட்டாளா என்று தெரிந்துகொள்ளத்தான் பார்க்கிறேன்.

அவள் பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். பேத்தி பிறந்தபோது மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தையை யார் பார்ப்பது? மூன்று மாதம் ஒரு வருஷமானது. அப்புறம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பேத்தி இப்போது பேச ஆரம்பித்தால் ஓயமாட்டாள், அதில் பாதி கன்னடம். நானும் போய் இருந்து பார்த்தேன். சின்ன ஃபிளாட். நான் இருமினால் குழந்தை விழித்துக்கொள்ளும், குழந்தை விழித்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். வீட்டைப் பூட்டியே போட்டால் கரையான் பிடிக்கும் என்று ஒரு சாக்குச் சொல்லி திருவண்ணாமலைக்கே திரும்பிவிட்டேன். செங்கம் ரோட்டை ஒட்டிய தெருவில் மாடி வீடு. இந்தப் பக்கம் முழுக்க வெளிநாட்டுக்காரர்கள் தனிமையைத் தேடி வந்து வாடகை கொடுத்துத் தங்குகிறார்கள். எனக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் அங்கே போய்விடுவேன். அவள் தானாகக் கிளம்பி இங்கே வருவது வருஷத்தில் ஒரே ஒரு முறை, கோடை முடிகிற சமயத்தில், வடகம் போடுவதற்கு. கோடை லீவில் சம்பந்தியம்மா பெங்களூருக்கு வந்து பேத்தியைப் பார்த்துக்கொள்வார். பேத்திக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இவள் இங்கே வந்து வேலையை முடித்துக்கொண்டு திரும்பவேண்டும்.

பெங்களூரில் ஏன் போடக்கூடாது என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க அடிக்கிறதெல்லாம் ஒரு வெயிலா? அதுல தலை கூட காயாது" என்றாள்.

அவள் சொல்வது நியாயம்தான். சின்ன வெங்காயத்தை இடித்து, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், பூண்டு, கறிவேப்பிலை, உப்பு, மஞ்சள்தூள் எல்லாம் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்துக் காயவைக்கவேண்டும். சாயங்காலம் உடைத்து மறுபடி பாத்திரத்தில் போட்டு, காலையில் மறுபடி உருட்டி வெயிலில் வைக்கவேண்டும். இப்படியே ஒரு வாரம். கடைசியில் விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைத்தால் வருஷம் முழுக்கக் கீரைக்கும் குழம்புக்கும் தாளிக்கலாம். நடுவில் ஒரு தூறல் பட்டாலோ இரண்டு நாள் மூடாப்பாக இருந்தாலோ போச்சு, நாற்றமெடுத்துப் புழு வைத்துவிடும். எங்கள் மலைப் பாறை பகலெல்லாம் சூடேறி சாயங்காலம் வரை ஊரின் மேல் அனல் விடுகிறதே, அந்த வெயில்தான் இதற்குச் சரி.

ஆகவே ஒரு வாரம் மழை இல்லை என்று தெரிந்தால்தான் அவள் பஸ் ஏறுவாள். தெரிந்து சொல்லவேண்டியது என் வேலை. டிவியில் வானிலை சொல்லும்போது கிண்ணத்தில் சாதத்தோடு உட்கார்ந்துவிடுவேன். வடதமிழக உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு என்பார்கள். அந்த ஓரிரு இடம் எது என்று சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்? செல்போனில் பார்த்தால் அதில் தினமும் ஒரு மேகப் படம், அதன் கீழே ஒரு மின்னல். இதையெல்லாம் பார்த்துவிட்டு அவளுக்குப் போன் போடுவேன்.

"எப்படியிருக்குது?" என்பாள். என்னைக் கேட்கவில்லை, வானத்தைக் கேட்கிறாள்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் சந்தேகமா சொல்றான்."

"அப்ப அடுத்த வாரம் பாக்கலாம்."

இந்த வருஷம் கோடை மழைக்கு எங்கள் ஊர்மேல் அப்படி ஒரு பாசம். காலையெல்லாம் கொளுத்தும், மத்தியானத்துக்கு மேல் செங்கம் பக்கம் கறுக்கும், காற்று வரும், மலையுச்சி மறையும், பத்துப் பேர் கைதட்டுகிற மாதிரி சடசடவென்று நாலு தூறல் போட்டுவிட்டு ஓடிவிடும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது. வடகம் கிடக்கட்டும், சும்மா ஒரு வாரம் வந்து இரு என்று கூப்பிட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு வார்த்தை பேசி எங்கள் வீட்டில் பழக்கமில்லை.

பால் ஊற்றுகிறவர் அடி அண்ணாமலைக்காரர், கொஞ்சம் நிலமும் வைத்திருக்கிறார். நான் மொட்டை மாடியில் நின்று மேகத்தை முறைத்துக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டார்.

"என்னா சார், ஊரே மழை பேயணும்னு வேண்டிக்குது. ஒரு நல்ல மழை பேஞ்சா ஏர் ஓட்டி மல்லாட்டை வெதச்சிடுவேன். நீங்க மட்டும் வேணாம்றீங்க."

"உனக்கு மழை வேணும், எனக்கு பொண்டாட்டி வேணும்" என்றேன்.

"அம்மா என்னா, மழையில நனைஞ்சா கரைஞ்சா போயிடுவாங்க?"

"வடகம் கரைஞ்சிடுமேய்யா."

அவர் சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் இன்னொரு மனிதரோடு பேசியது அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தபோது டிவியில் சொன்னார்கள், வரும் வாரம் பெரும்பாலும் வறண்ட வானிலை, வெயில் வழக்கத்தைவிட ஜாஸ்தி, பொதுமக்கள் வெளியே வருவதைத் தவிர்க்கவும். ஊருக்கெல்லாம் எச்சரிக்கை, எனக்குக் கல்யாணச் செய்தி. மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போய் சின்ன வெங்காயம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். மாடியைக் கழுவிவிட்டேன். வடகத்துக்கு அடியில் விரிக்கிற பழைய வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டேன். அவள் தலையணைக்கு உறை மாற்றினேன். அப்புறம்தான் போன் போட்டேன்.

"ஒரு வாரத்துக்கு சொட்டு மழை கெடையாது. ராத்திரி பஸ்ஸுக்கே கெளம்பு."

அவள் போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிற சத்தம் கேட்டது.

"ஏங்க, சம்பந்தியம்மா பாத்ரூம்ல வழுக்கி கால் பெசகிட்டாங்க. நாளைக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. கொழந்தைய உட்டுட்டு நான் எப்படி வர்றது?"

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். நான் வெங்காய மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாங்கிட்டீங்களா?" என்றாள்.

"வாங்கிட்டேன்."

"அப்ப நீங்களே போட்டுடுங்க. நான் போன்ல சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்தது. வடகமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் போன் வழியாகச் சொல்வதென்றால் நாள் முழுக்கப் பேசவேண்டியிருக்குமே என்று கொஞ்ச நேரம் கழித்துத் தோன்றியது. தோன்றியதும் உரலைக் கழுவினேன்.

அந்த ஒரு வாரத்தை நான் மறக்கமாட்டேன். கைப்பிடிச் சுவரில் செங்கல்லுக்குச் சாய்த்துப் போனை வைத்துவிடுவேன். வீடியோவில் அவள் பேத்திக்கு ஊட்டிக்கொண்டே என்னைத் திட்டுவாள். "அவ்ளோ பெருசா உருட்டாதீங்க, உள்ள காயாது." "உப்பு கம்மி, கலரைப் பாத்தாலே தெரியுது." எனக்குக் கண்ணில் வெங்காயக் காரம், உள்ளங்கையில் மஞ்சள், உச்சந்தலையில் வெயில். வழக்கமாக எங்கள் பேச்சு சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று இரண்டு கேள்வியோடு முடிந்துவிடும். அந்த வாரம் அவள் மருமகளைப் பற்றிச் சொன்னாள், முட்டி வலியைப் பற்றிச் சொன்னாள், அங்கே பக்கத்து வீட்டில் யாருக்கும் அவள் முகமே தெரியாது என்று சொன்னாள். ஒருநாள், "கொஞ்சம் தள்ளுங்க, மலை தெரியட்டும்" என்றாள். போனைத் திருப்பி வைத்துவிட்டு நான் ஓரமாக நின்றுகொண்டேன். அவள் பேத்திக்கு ஊட்டுவதைக்கூட நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு சாயங்காலம் செங்கம் பக்கம் கறுத்தது. விழுந்தடித்து மாடியேறி வேட்டியோடு வாரிக்கொண்டு இறங்கினேன். மேகம் எங்கள் ஊரைத் தாண்டிப் போய்விட்டது. டிவிக்காரன் சொன்ன சொல் அந்த வாரம் அப்படியே பலித்தது. உருண்டைகள் கறுத்து இறுகின. விளக்கெண்ணெய் தடவியபோது மாடிப்படி வரை மணந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். டப்பாவில் அடைத்து, பெங்களூர் போகிற தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

டப்பா போய்ச் சேர்ந்த அன்று அவளே கூப்பிட்டாள்.

"கீரைக்கு தாளிச்சேங்க. என்னா வாசனை! புள்ள ரெண்டு தரம் கேட்டு வாங்கி சாப்பிட்டான். நான் போட்டா கூட இவ்ளோ அம்சமா வராது."

"நீ சொன்னபடிதான் போட்டேன்."

"இனிமே வருஷா வருஷம் நீங்களே போட்டு அனுப்பிடுங்க. இந்த முட்டிய வெச்சிக்கிட்டு நான் எதுக்கு பஸ்ல அல்லாடிக்கிட்டு வரணும்?"

"சரி" என்றேன். அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. முட்டி வலி நிஜம், பஸ்ஸில் அவ்வளவு நேரம் உட்கார அவளால் முடியாது. குழந்தை கூப்பிடுகிறது என்று போனை வைத்தாள்.

நான் மட்டும் அதைப் புழு வைக்க விட்டிருந்தால், திட்டிக்கொண்டாவது அடுத்த வருஷம் வந்திருப்பாள்.