என் தங்கை படிப்பினால் இறக்கவில்லை

கர்த்தருக்குள் அன்பான உறவினர்களுக்கும் சபை மக்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஒவ்வொரு வருடமும் தங்கையின் நினைவு நாள் வரும்போது, சபை மலருக்கு அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி போதகர் கேட்பார். அடுத்த வருடம் ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நான் ஜீப் ஓட்டுகிறவன், பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுத வராது என்று சொன்னது பாதிதான் உண்மை. உள்ளதை எழுதினால் அம்மாவின் மனம் புண்படும். எழுதாமல் விட்டாலோ, வக்கீல் படிப்புப் படித்து, வேலைக்கு அலைந்து அலைந்தே செத்துப் போனாள் என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் பேசுகிற பேச்சே நிலைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை வருடமும் போயிற்று.

வயதில் இளையவளானாலும் கறுப்புக் கோட்டுப் போட்டவள், ஆகையால் 'அவர்' என்று எழுதவேண்டும் என்றார் போதகர். எனக்குக் கை வரவில்லை. அவள் என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

தங்கை பிறந்தது மூணாறுக்கு மேலே, எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில். அவள் நடக்கப் பழகும் முன்பே அப்பா கர்த்தரிடம் போய்விட்டார். அம்மா கொழுந்து எடுத்து எங்களை வளர்த்தார்கள். பிளஸ் டூ முடிந்ததும் அவளுடைய சாதிச் சான்றிதழுக்காக நாங்கள் நடந்த நடை கொஞ்சமல்ல. உங்கள் முன்னோர் எந்த ஊர், எப்போது வந்தார்கள், அதற்கு என்ன அத்தாட்சி என்று தாலுகா ஆபீஸில் கேட்டே திருப்பி அனுப்பினார்கள். ஒருநாள் திரும்பி வரும்போது ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "அண்ணே, நான் வக்கீலுக்குப் படிக்கேன்" என்றாள்.

எர்ணாகுளம் பக்கம் ஒரு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மலையாளம் பேச வரும், எழுத வராது. இங்கிலீஷ் இரண்டும் வராது. விடுதியில் அழுதிருக்கிறாள். எங்களிடம் சொன்னதேயில்லை, பிறகு அவள் கூடப் படித்த பிள்ளை சொல்லித்தான் தெரியும்.

அந்தக் கல்லூரியில் பிள்ளைகளுக்கு வேலை தேடிக் கொடுப்பதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அதைப் பார்த்துக்கொண்ட டீச்சர் விடுமுறைகளில் தங்கையை வக்கீல் ஆபீஸ்களுக்கு வேலை பழக அனுப்பினார். படிப்பு முடியும் சமயத்தில் ஒரு பெரிய ஆபீஸில் இன்டர்வியூவுக்கு ஏற்பாடு செய்தார். அங்கே நடந்ததைத் தங்கை போனில் சொன்னாள்.

"செருப்ப வாசல்ல கழட்டிப் போட்டுட்டு உள்ள போயிட்டேண்ணே. எல்லாரும் ஷூ போட்டு உக்காந்திருக்காங்க. என் முகத்தப் பாக்காம காலப் பாக்காங்க. ஒருத்தர், இது என்ன கோயிலான்னு கேட்டுட்டாரு."

"உக்காரச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. எனக்குத்தான் உக்கார வரல. நின்னுக்கிட்டே பதில் சொன்னேன்."

எஸ்டேட் ஆபீஸில் நாம் அப்படித்தானே நிற்கிறோம். செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு, மேனேஜர் துரை வாய் திறக்கும்வரை கைகட்டி நிற்பது நம் உடம்பில் ஊறிப்போனது. பட்டம் வாங்கினாலும் அது போகவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு ஓய்வு வந்தது. வீட்டில் யாராவது எஸ்டேட்டில் பேர் பதிந்தால்தான் லயத்து வீடு நமக்கு, இல்லையென்றால் காலி செய்யவேண்டும். தங்கை பெட்டியோடு வந்து நின்றாள். அம்மா இடத்தில் தானே பேர் பதிந்துகொள்வதாகச் சொன்னாள். என் மனைவி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"நீ பேசாம கோர்ட்டுக்குப் போ புள்ள. கொழுந்துக்கு நான் போறேன். வீட்ல கெடந்தா உங்க அண்ணன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். அதுக்கு அட்ட கடிச்சாலும் பரவால்ல."

அம்மாவும் சிரித்துவிட்டார்கள். மனைவி பேர் பதிந்தாள். தங்கை கல்லூரிக்குத் திரும்பினாள்.

டீச்சர் அவளைக் காலி வகுப்பறை ஒன்றுக்குக் கூட்டிப்போய், மேஜைக்குப் பின்னால் வேறு ஆசிரியர்களோடு உட்கார்ந்துகொண்டு, செருப்போடு உள்ளே வரச் சொல்வாராம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவேண்டும். யாராவது நிமிர்ந்து பார்த்தால் போதும், தங்கை எழுந்து நின்றுவிடுவாளாம். "இது எஸ்டேட் ஆபீஸ் அல்ல மோளே" என்று அதட்டி மறுபடி வாசலுக்கு அனுப்புவாராம். எழுந்திருக்கிற பழக்கம் விடும்வரை தினமும் இதுதான். சட்டக் கேள்விகள் அதற்கு அப்புறம்.

பிறகு தொடுபுழாவில் ஒரு மூத்த வக்கீலிடம் டீச்சரே பேசி அனுப்பினார். தங்கை உட்கார்ந்து பதில் சொன்னாள். ஜூனியராக எடுத்துக்கொண்டார்கள். வேலை கிடைக்காமல் செத்தாள் என்பது பொய். நம் ஆட்கள் சிலருடைய சான்றிதழ் வழக்கை அவளே நடத்தினாள் என்பது அவர்களுக்கே தெரியும். கோட்டு வாங்கிக்கொண்டு வந்த அன்று அம்மா அதை வேதாகமத்தின் பக்கத்தில் வைத்து ஜெபித்தார்கள்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. கோர்ட்டுப் படி ஏறும்போது மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. கோட்டயத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதய வால்வு கெட்டிருக்கிறது, இது சிறு வயதிலேயே தொடங்கியது என்றார் டாக்டர். மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று அம்மாவிடம் கேட்டார்.

வந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில். மாதாமாதம் ஊசி போடவேண்டும், பல வருடம் நிறுத்தக் கூடாது என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். சபை கூடி ஜெபித்தது. வீக்கம் வற்றியது. அம்மா ஆராதனையில் எழுந்து, பிள்ளைக்குக் கர்த்தர் சுகம் தந்தார் என்று சாட்சி சொன்னார்கள். சாட்சி சொன்ன பிறகு ஊசிக்குப் போனால் கர்த்தரை நம்பாததுபோல் ஆகும் என்று ஊசியை நிறுத்திவிட்டார்கள். விசுவாசத்தில் செய்ததுதான். ஊசியும் அவர் தந்ததே என்று எடுத்துச் சொல்ல அன்று எங்களுக்கு ஆள் இல்லை.

படுக்கையில் இருக்கும்போது தங்கைக்கு ஒரு செய்தி வந்தது. சட்டம் படிக்க இருந்த பக்கத்து லயத்துப் பிள்ளையை, இவள் கதியைக் காட்டி வீட்டில் தடுத்துவிட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்காக அழுங்க, வேண்டாம்னு சொல்லல. படிச்சதால செத்தான்னு மட்டும் பேச விடாதீங்கண்ணே." அறுவை சிகிச்சையை உடம்பு தாங்கவில்லை. கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்.

நான் பேச விட்டுவிட்டேன். மறுத்துச் சொன்னால் அம்மாவைச் சொல்லவேண்டி வருமே. அந்தப் பிள்ளை இப்போது கொழுந்து எடுக்கிறாள். இந்த வருடம் அவள் தங்கச்சியும் சட்டம் படிக்கக் கேட்டிருக்கிறாள், வீட்டில் அதே பதில். இதைக் கேள்விப்பட்ட அம்மா என்னைக் கூப்பிட்டார்கள்.

"எழுதுடா. ஊசிய நிறுத்துனது நான்னு எழுது."

"ஊரு உன்னப் பேசும்மா."

"பேசட்டும். நான் இனி எங்க போகப்போறேன். அந்தப் புள்ள படிக்கப் போகட்டும்."

தங்கையை ஆளாக்கிய டீச்சருக்கும், அவளைப் பிள்ளைபோல் நடத்திய மூத்த வக்கீலுக்கும், ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், மழையில் சவப்பெட்டியைக் கல்லறை மேட்டுக்குச் சுமந்த ஜீப் ஓட்டும் நண்பர்களுக்கும், ஜெபித்த சபைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் மனைவிக்கும்.

இந்த மலர் கைக்கு வராதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். அம்மாவுக்கு இரங்கி ஊசி விஷயத்தை விட்டுவிடாதீர்கள், விட்டால் பழி மறுபடி படிப்பின்மேல்தான் விழும். இதை எழுதி முடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஒரு வரியையும் எடுக்க வேண்டாம் என்றார்கள்.