கோழிக்குப் போன குளிசை

"மிஸ், ஓடி வாங்க! நீங்க குடுத்த குளிசையெல்லாம் ஸஹ்லா கோழிக்குப் போடுறாள்!"

போனில் கத்தியது ஸஹ்லாவின் உம்மா. மருதமுனையில் நான் மிட்வைஃபாக இருந்த கடைசிக் காலத்தில் நடந்தது இது. கலியாணமான பெண்களுக்கு, பிள்ளை உண்டாகும் முன்பே ஃபோலிக் அசிட் குளிசை கொடுப்போம். பிள்ளையின் முள்ளந்தண்டுக்கு நல்லது. கோழிக்கு என்ன நல்லது என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.

ஸ்கூட்டியில் போய் இறங்கினேன். ஸஹ்லா தறியில் இருந்தாள்.

"ஏன்கா போட்ட?"

"குடிச்சா புள்ள நிண்டுடுமே மிஸ்."

"குளிசையால புள்ள நிக்கிறெண்டா, ஒங்கட கோழியெல்லாம் இப்ப கிளினிக்குல நிக்கோணும்."

சிரித்தாள். ஆனால் கண் கலங்கிவிட்டது.

"புள்ள வேணும் மிஸ். பெறத்தான் பயம்."

காரணம் அந்தப் பின்னேரமே விளங்கியது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். பெண்ணைச் சுற்றி உம்மா, பெரியம்மா, சாச்சி எல்லாரும் ஒரே வளவில். தேத்தண்ணி ஊற்றினால் போதும், ஆளுக்கொரு பேறுகாலக் கதை தொடங்கிவிடும். கதை தொடங்கியதும் ஸஹ்லாவின் மாப்பிள்ளை, மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் கிடக்கவே, தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு நழுவினார்.

"மூத்தவனுக்கு நொந்து நொந்து செத்துப் பொழைச்சன் மிஸ்," என்றார் பெரியம்மா.

"பொறகு எத்தின புள்ள?"

"ஏழு."

"செத்த இடத்துக்கு இன்னும் ஆறு தரம் ஏன் போனீங்க?"

சாச்சிக்குப் புரையேறியது. பெரியம்மா வெட்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டார்.

"புள்ளட மொகத்தக் கண்டா எல்லாம் மறந்துடும் மிஸ்."

"அதையும் சேத்துச் சொல்லுங்களேன். கதைய ஏன் பாதியில நிப்பாட்டுறீங்க?"

வேலை முடிந்தது என்று பெருமையோடு எழும்பினேன். முடியவில்லை. ஸஹ்லா வளவு வாசல் கடப்படிவரை என்னோடு வந்து, ஒருவருக்கும் கேட்காமல் கேட்டாள்.

"நொந்தா கத்தலாமா மிஸ்? ஏசுவாங்களா?"

அவ்வளவுதான். பயம் இரத்தத்துக்குமில்லை, சாவுக்குமில்லை. சத்தம்போட்டுக் கதைத்தே பழகாத பிள்ளை, அறியாத ஆட்களுக்கு முன்னால் கத்திவிடுவோமோ என்ற வெட்கத்தில் இவ்வளவு நாளும் கோழிக்குக் குளிசை போட்டிருக்கிறாள். எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது.

"நல்லாக் கத்து மகள். கத்தினதுக்கு நான் ஒருத்தரையும் ஏசினதில்ல."

பிறகு ஸஹ்லாவையும் மாப்பிள்ளையையும் கிளினிக்குக்கு எடுத்துப் பரிசோதித்தோம். பேறுகால வார்ட்டையும் கூட்டிப்போய்க் காட்டினேன். வாசலில் மாப்பிள்ளைக்குத் திடீரென்று தொழுகை ஞாபகம் வந்தது, நான் விடவில்லை.

புதிதாக வரும் மிட்வைஃப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பயப்படாதே என்று சொல்லாதீர்கள், என்ன பயம் என்று கேளுங்கள். நான் அதைக் கேட்கவேயில்லை. அவளாகக் கடப்படிக்கு வந்து சொன்னது என் அதிர்ஷ்டம்.

ஸஹ்லா பெற்ற அன்று போட்ட சத்தம் வெளியே நின்ற பெரியம்மாவுக்கே கேட்டதாம். நான் பென்ஷன் எடுத்தபின் ஒரு பின்னேரம் அந்த வீட்டுக்குப் போனேன். மகனை மடியில் வைத்துக்கொண்டு, புதிதாகக் கலியாணமான சாச்சி மகளுக்கு ஸஹ்லா கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் செத்துப் பொழைச்சன்கா..."

என்னைக் கண்டதும் நிறுத்தினாள். நான் புருவத்தை உயர்த்தினேன்.

"பொறகு இவன்ட மொகத்தக் கண்டன்," என்று அவசரமாக முடித்தாள். பிறகு சாச்சி மகளின் காதருகே குனிந்தாள்.

"கத்தலாம்கா. மிஸ்தான் சொன்னாங்க."