வேலிக்கும் கானுக்கும் நடுவே ஐந்தடி

றோட்டு ஓவசியர் உத்தியோகம் என்பது, ஊராருடைய வேலிவாசல் படலைகளுக்கு முன்னால் நின்று ஊராரோடு பகைத்துக்கொள்ளுகிற உத்தியோகம். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்தில் அதைத்தான் செய்தேன். வீட்டு வேலிகளுக்கும் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்கும் நடுவே ஐந்தடி மணல் கிடக்கும். ஆட்கள் நடக்கிற கரை அது. அதைக் காப்பது என் பொறுப்பு. றோட்டுக்குத் தார் போட்ட பிறகு அந்த மணலின் அருமை கூடிவிட்டது. மத்தியானத் தாரில் வெறுங்காலோடு நடந்து பார்த்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிழல் தேடி ஓரத்துக்கு வருவீர்கள். உங்களுக்கு முன்னரே ஒரு வண்டிலோ காரோ அங்கே வந்து நிற்கும்.

பூவரசு நிழலில்

பங்குனி வெயிலில் தெருவின் அந்தம் தண்ணீர்போல அசைந்துகொண்டிருந்தது. ஒரு புகையிலை வண்டில் நடைகரையில் ஏறி நின்றது. அவிழ்த்துவிட்ட மாடு பூவரசு நிழலில் குறுக்கே படுத்திருந்தது. வண்டிலுக்குக் கீழே வண்டில்காரரும் நித்திரை. தண்ணீர்க் குடத்தோடு வந்த இரண்டு பெண்கள் தாரில் இறங்கி, குதிக்காலைத் தூக்கித் தூக்கி ஓடினார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. வண்டில்காரரைத் தட்டி எழுப்பி, மாட்டைப் பிடிக்கச் சொன்னேன். அவர் எழும்பி உட்கார்ந்து மாட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதன் மூச்சுப் பட்டுப் பட்டு மணலில் சின்னக் குழி விழுந்திருந்தது. முதுகில் ஒரு மஞ்சள் பூ. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஐயா, அச்சுவேலியிலயிருந்து விடியமுன்னம் வெளிக்கிட்ட சீவன். என்னை எழுப்பினது சரி, அதை எழுப்பிப்போடாதேங்கோ.”

முன் சீற்று

மலாயாவில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்து பென்சனோடு திரும்பிய சிவஞானத்தார், கப்பலில் ஒரு காரும் கொண்டுவந்தார். படலையோ ஆளும் மாடும் போக அளவெடுத்தது. கார் உள்ளே போகவில்லை. நாலு பேர் தள்ளி அதை நடைகரையில் ஏற்றி வேலியோடு ஒட்டி நிறுத்தினார்கள். ஐந்தடியும் அதற்கே சரியாகப் போயிற்று. அப்புறப்படுத்தச் சொல்லும் நோட்டீஸோடு ஒரு மார்கழிக் காலையில் போனேன். மனிதர் காருக்குள் ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடவில்லை. கண்ணாடியெல்லாம் பனி.

“பின்னாலை ஏறும் தம்பி” என்றார். பின் சீற்றில் ஏறி உட்கார்ந்தேன். மழை விட்ட பிறகு ரப்பர் மரங்களுக்குள்ளால் போகிற ஒரு றோட்டைப் பற்றி மெதுவாகக் கதைத்தார். இந்த வளைவு, அந்தப் பாலம், இலையிலிருந்து இன்னும் சொட்டுகிற தண்ணீர். பனி படிந்த கண்ணாடிக்கு வெளியே எங்கள் தென்னங்கிடுகு வேலி பின்னால் ஓடுவதுபோல எனக்கும் பட்டது. இறங்கும்போது நோட்டீஸ் என் மடியிலேயே இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை; சட்டைப் பைக்குள் வைத்தேன். அவர் கதவைத் திறந்துவிட்டுச் சொன்னார்: “முன்னாலை ஏத்தேல்லையெண்டு குறை நினையாதையும் தம்பி, அது செத்துப்போன என்ரை மனுசியின்ரை இடம்.”

கந்தையா அண்ணையின் கை

அதே தெருவில் கந்தையா அண்ணை இருந்தார். பிறவியிலேயே கண் தெரியாது. சுருட்டுக் கொட்டிலில் வேலை. விரலாலேயே இலையைத் தடவி, நரம்பைப் பிரித்து, மற்றவர்களை விட நேர்த்தியாகச் சுற்றுவார். தனியே போகவர அவருக்கு வேலிதான் வழிகாட்டி. இது கிடுகு, இது பனையோலை, இது கல்மதில் என்று விரல் ஓட ஓட எந்த வீடென்று சொல்வார். காலையில் கொட்டிலுக்கு வேறு தெருவால் கூட்டிப் போகிற கூட்டாளி ஒருவர் இருந்தார். அவர் காய்ச்சலில் கிடந்த நாளில் கந்தையா அண்ணை விடியற்பனியில் தனியே வேலியைப் பிடித்துக்கொண்டு வந்தார். சிவஞானத்தாரின் கார் மறித்த இடத்தில் கானுக்குள் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

நோட்டீஸ் என் பையில் இருக்க இது நடந்தது. சிவஞானத்தாரிடம் போய், “உங்கடை காராலையும், நோட்டீஸைத் தராமல் விட்ட என்ரை பேய்த்தனத்தாலையும் ஒரு மனிசன் விழுந்துபோனார்” என்றேன். அவர் சால்வையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். கந்தையா அண்ணை கைக்குப் பத்துப்போட்டுப் பாயில் படுத்திருந்தார். இனிச் சுருட்டுச் சுற்றலாமோ என்று வைத்தியம் பார்த்த பரியாரிக்கே தெரியவில்லை. ஏசுவார் என்று நினைத்து இருவரும் வாசலிலேயே நின்றோம். அவரோ முகமெல்லாம் வியப்பாக, விழுந்ததையே மறந்தவர்போலச் சொன்னார்: “அதுதானோ கார்? குளிர்ந்து, வழுவழுவெண்டு, பனியிலை நனைஞ்சு... அதைத் தடவித் தடவிப் போனதிலை கான் வந்ததே தெரியேல்லை.”

களவுபோன வேலி

அந்தக் கிழமையே சிவஞானத்தார் ஆள் பிடித்துத் தன் வேலியில் பன்னிரண்டடியைப் பிடுங்கிக் காரை வீட்டு வளவுக்குள் எடுத்தார். எங்கள் ஊரில் வேலிக்காக ஒரு விரற்கடைக்கும் கோட்டுக்குப் போய் வழக்காடுவார்கள். தானாக வேலியைத் திறந்துவிட்ட மனிதரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

இரண்டு மாதத்தில் எலும்பு பொருந்தியது. விரல்களும் பழையபடி வளைந்தன. கந்தையா அண்ணை முதன்முதல் வெளிக்கிட்ட காலையில் நான் சைக்கிளைச் சாத்திவிட்டுக் காத்து நின்றேன். நல்ல பனி. கையை வேலியில் ஓடவிட்டபடி அவர் வந்தார். வேலி முடிந்த இடத்தில் விரல்கள் காற்றில் நின்றன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கால் வைத்தார். எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதே தெரியாத முகம். “ஆரப்பா என்ரை வேலியைக் களவெடுத்தது?” என்று கூப்பிட்டார். நான் ஓடமுன்னரே வளவுக்குள் கார்க் கதவு திறந்தது. சிவஞானத்தார் பனிக்குள்ளால் வந்து அந்தக் கையைப் பிடித்தார்: “நான்தான், கந்தையா. இனி உந்தப் பன்னிரண்டடிக்கும் என்ரை கையைப் பிடிச்சு வாரும்.”

வாகனமா, இல்லையா

எல்லாரும் சிவஞானத்தார் ஆவார்களா? யுத்தத்தில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு பிறக்கிராசியார் தன் காரை நடைகரையிலேயே கல்லில் தூக்கி வைத்துவிட்டார். பூசணிக் கொடி ஏறிக் கூரையில் பூத்தது. பார்க்க அழகுதான். ஆனால் தலையில் மீன் கடகத்தோடு வருகிற பெண்கள் அந்த இடத்தில் தாரில் இறங்கித் துடித்தார்கள். இந்த முறை நோட்டீஸைக் கையிலேயே கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். “இதிலை வாகனத்தை அகற்று எண்டிருக்கு. வாகனமெண்டால் ஓடவேணும். இது ஓடாது. ஆகவே இது வாகனமில்லை” என்றார்.

எனக்குச் சட்டம் தெரியாது. கடகத்தை இறக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த மீன்காரி பறுவதம் காரைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். மறுநாளே பிறக்கிராசியார் காரை உள்ளே தள்ளுவித்தது என் நோட்டீஸுக்குப் பயந்தல்ல, அவள் இப்படிச் சொன்னதற்குத்தான்: “வாகனமில்லையெண்டால் விறகுதானே ஐயா, நாளைக்குக் கோடாலியோடை வாறம்.”

நிறுத்துகிறவருக்குத் தன் இடம் தெரியும், நடக்கிறவருக்குத் தன் வழி தெரியும், இரண்டும் ஒரே ஐந்தடிதான் என்பது, அதற்காகவே சம்பளம் வாங்கிய எனக்கு மாத்திரம் தெரிந்திருந்தது.